கம்பத்தடியில் சொன்ன கதை

மைக்கைப் பிடித்தபடி அண்ணாச்சி ஒரு நிமிஷம் போல அப்படியே நின்றார். கீழே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருநூறு பேர். எல்லார் சட்டையிலும் பச்சை பேட்ஜ். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள். 1966-இல் அதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்புக் குழுமம் தொடங்கப்பட்டது என்று எங்கள் மேனேஜர் அப்போதுதான் பேசி முடித்திருந்தார். எங்கள் சைட்டின் மூத்த லைன்மேனான அண்ணாச்சியை மேடையேற்றியது நான். "கம்பத்தடியில அன்னைக்குச் சொன்னீங்கல்லா, அதை அப்படியே சொன்னாப் போதும்" என்று இரண்டு நாளாகக் கெஞ்சியிருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார். "எல்லாரும் ரெண்டு பக்கமும் அர்த் போட்டு வேலை பாருங்க. வணக்கம்" என்றார். இறங்கிப் போய்விட்டார். கைதட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாலைந்து பேர் தட்டினார்கள். அடுத்து உறுதிமொழி, அப்புறம் சாப்பாடு. மூன்று வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு நிமிஷம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

நான் சேஃப்டி ஆபீசர். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் காற்றாலைகளுக்கு லைன் இழுக்கும் ஒரு காண்டிராக்ட் கம்பெனியில் இருக்கிறேன். தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் ஆட்களை நிறுத்தி வைத்துப் பத்து நிமிஷம் பேசுவது என் வேலைகளில் ஒன்று. டூல்பாக்ஸ் டாக் என்பார்கள். கையில் அச்சடித்த தாள் இருக்கும். ஹெல்மெட், பெல்ட், பெர்மிட், அர்த்திங் என்று வரிசையாக வாசிப்பேன். நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கையெழுத்துத் தாள் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருக்கும். யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பின்னால் நின்றபடி முந்நூறு நாள் ஒரே தாளைக் கேட்டால் எனக்கும் காது அடைத்துத்தான் போகும்.

அன்றைக்கு ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. 33 கே.வி. லைனில் ஒரு கம்பத்தில் ஜம்பரை, அதாவது இரண்டு பக்கத்துக் கம்பியையும் இணைக்கிற துண்டுக் கம்பியை, கழற்றி மாற்ற வேண்டும். எல்.சி. வாங்கியாயிற்று, அதாவது லைனில் கரண்டை நிறுத்திவிட்டதாகச் சப்-ஸ்டேஷனிலிருந்து அனுமதி வந்துவிட்டது. சப்ளை வரும் பக்கம் அர்த்திங் ராடும் மாட்டியாயிற்று; தப்பித்தவறிக் கரண்ட் வந்தாலும் அது வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அடுத்த பக்கத்துக்கான செட் நானூறு மீட்டர் தள்ளி ரோட்டில் நின்ற ஜீப்பில் கிடந்தது. இடையில் முழங்கால் அளவு சேறு. இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்கிவிட்டான். "ஒரு பக்கம் போட்டாச்சுல்லா, பத்து நிமிஷ வேலை" என்றான். நான் தாளைப் புரட்டி எந்த விதி என்று தேடிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி அவனுடைய காலைப் பிடித்துக்கொண்டார்.

"ஏ மக்கா, எறங்கு. ஒண்ணு சொல்லுதேன், கேட்டுட்டு ஏறு."

அவர் சொன்னதை முடிந்தவரை அவர் சொன்ன மாதிரியே எழுதுகிறேன்.

"எனக்கும் அப்போ உன் வயசுதாம். நானும் என் கூட்டாளியும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தவங்க. பதினோராயிரம் வோல்ட்டு லைனு. எல்.சி. வாங்கியாச்சு, ஏ.பி. சுவிட்சத் தொறந்து லைனத் துண்டிச்சாச்சு. எங்ககிட்ட அர்த் செட்டு ஒண்ணுதாம் இருந்திச்சு. கரண்டு வார பக்கம் போட்டோம். அந்தப் பக்கம் கடைசியில ஒரு அரிசி மில்லு, அவ்வளவுதாம். ஆபீசுக்குப் போயி இன்னொரு செட்ட வாங்கிட்டு வருவோமாலன்னு அவன் கேட்டான். அங்கேருந்து என்னத்த வரப்போவுதுன்னு நாந்தாம் வேண்டாம்னேன். மழ வேற இருட்டிக்கிட்டு வந்திச்சு. அவன் ஏறி ஜம்பரக் கழட்டினான். கழட்டினதும், நாங்க போட்ட அர்த்து அந்தப் பக்கத்தோட நின்னுபோச்சுல்லா? மில்லுக்காரன் கரண்டு இல்லையேன்னு ஜெனரேட்டர ஓடவிட்டான். நான் அண்ணாந்து பாத்துக்கிட்டுத்தாம் நின்னேன். அவன் கையில இருந்த கட்டிங் பிளேயரு எங்கால் பக்கத்துல வந்து விழுந்திச்சு. பிளேயருதாம் மொதல்ல வந்திச்சு."

அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. பீடியைப் பற்றவைக்கப் போனார். ஈரத்தில் தீக்குச்சி எரியவில்லை. பையன் பெல்ட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். யாரும் சொல்லாமலே சேற்றில் இறங்கி ஜீப்பைப் பார்த்து நடந்தான். அவன் ராடைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வரும்வரை நாங்கள் ஏழு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் நின்றோம்.

வீட்டுக்கு வரும் கரண்டின் வோல்டேஜைக் குறைத்துக் கொடுக்கிற அதே டிரான்ஸ்ஃபார்மர், எதிர்ப்பக்கமிருந்து கரண்ட் ஏறினால் அதைப் பல மடங்கு கூட்டியும் அனுப்பும். லைனிலிருந்து பிரித்துவிடும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஓடும் ஒரு ஜெனரேட்டர் போதும், செத்த லைனுக்கு உயிர் வந்துவிடும். இது என் தாளில் ஏழாவது குறிப்பாக இருந்தது. நூறு தடவையாவது வாசித்திருப்பேன். அந்தப் பையனும் நூறு தடவை கையெழுத்துப் போட்டிருப்பான்.

பிறகு பல நாள் யோசித்தேன். அனுபவம் சொல்கிறேன் என்று பெரியவர்கள் தொடங்கினாலே இளவட்டங்கள் நழுவிவிடுவார்கள். ஏனென்றால் அந்தக் கதைகளில் சொல்கிறவர் எப்போதும் ஜெயிப்பார். பத்து மைல் நடந்தே பள்ளிக்கூடம் போனது, தெருவிளக்கில் படித்தது, ஒரு நாள்கூட லீவு போடாதது எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கேட்கிறவனுக்கு அதில் உட்கார இடம் இருக்காது. அண்ணாச்சியின் கதையில் அந்தப் பையனுக்கு ஒரு இடம் இருந்தது. "நாந்தாம் வேண்டாம்னேன்" என்ற இடம். அதே அர்த்தத்தில்தான் அவனும் ஐந்து நிமிஷத்துக்கு முன்னால் பேசியிருந்தான்.

கதை விடாதீங்க

நம்ம பேச்சில் கதைக்கு மரியாதை குறைவு. கதை விடாதே, கதை அளக்காதே, கதை கட்டாதே, கதையடித்தது போதும், வேலையைப் பார். பொய்க்கும் வீண்பொழுதுக்கும் அந்த ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் சாதாரணமாகப் பேசுவதையே கதைப்பது என்பார்கள். "பிறகு கதைக்கிறன்" என்று போனை வைப்பார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கும்.

கதை விடாதே என்று நானே என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை. ஒரு நாள் தலைசுற்றி விழுந்துவிட்டாள் என்று டாக்டரிடம் கூட்டிப்போனேன். "என்ன பண்ணுதும்மா?" என்று அவர் கேட்டதும், "போன வெள்ளிக்கிழமை எங்க ஊர்ல அம்மன் கொடை டாக்டர், தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன்…" என்று தொடங்கினாள். வெளியே முப்பது பேர் காத்திருக்கிறார்கள். "அம்மா, கதையெல்லாம் வேண்டாம், விஷயத்தைச் சொல்லு" என்றேன். டாக்டர் என்னைக் கையமர்த்தினார். "நீங்க சொல்லுங்கம்மா" என்றார். அம்மா வில்லுப்பாட்டு, மேளம், தங்கை மருமகளின் சமையல் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில், "படையல் போட நடுச்சாமம் ஆயிட்டு, அம்மனுக்குப் படைக்காம நாம சாப்பிட முடியுமா, மாத்திரையை மட்டும் எப்பவும் போல ஏழு மணிக்கே போட்டுட்டேன்" என்றாள். டாக்டர் பேனாவை எடுத்தார். சர்க்கரை மாத்திரை உள்ளே போயிருக்கிறது, சாப்பாடு போகவில்லை. சர்க்கரை இறங்கித் தலை சுற்றியிருக்கிறது. "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்று கேட்டிருந்தால் அம்மா "போடுறேன்" என்றுதான் சொல்லியிருப்பாள். அதுவும் உண்மைதான். காரணம் கொடை வீட்டில் இருந்தது. அங்கே போகாமல் அது கிடைத்திருக்காது.

மெஷினுக்கும் இது பொருந்தும். ஜூலியன் ஓர் என்ற மானுடவியலாளர் 1980-களில் அமெரிக்காவில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் செய்கிறவர்களோடு கூடவே சுற்றினார். கம்பெனி கொடுத்த கையேட்டில் ஒவ்வொரு பழுதுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக இருந்தது. ஆனால் கையேடு கைவிட்ட இடங்களில் அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட பழைய அனுபவங்களிலிருந்துதான் பழுதைக் கண்டுபிடித்தார்கள் என்று எழுதினார். சாப்பாட்டு நேரத்து அரட்டை என்று மேலே இருப்பவர்கள் நினைத்தது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. எங்கள் லைன்மேன்களின் டீக்கடைப் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நான் எடுத்துக்கொண்டது

அன்று மாலையே அண்ணாச்சியின் கதையை ஒரு படிவத்தில் எழுதி ஹெட் ஆபீசுக்கு அனுப்பினேன். நல்ல எண்ணத்தில்தான். படிவத்தில் கட்டங்கள் உண்டு. நிகழ்வு, மூல காரணம், திருத்த நடவடிக்கை. மூல காரணம் என்ற கட்டத்தில் "பணியாளரின் அலட்சியம்" என்று எழுதினேன். திருத்த நடவடிக்கையில் "பயிற்சி". அவர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அண்ணாச்சியின் போட்டோவைப் போட்டு, "உண்மைக் கதை" என்று தலைப்பு வைத்து, எல்லா சைட்டுக்கும் ஸ்லைடாக அனுப்பினார்கள். பாதுகாப்பு நாளில் அவரையே பேசவைக்கலாம் என்றார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மேடையிலிருந்து அவர் இறங்கிப்போன அன்று சாயங்காலம், டீக்கடையில் அவரைப் பிடித்தேன். கோபமாகத்தான் போனேன். ஏன் அண்ணாச்சி இப்படிப் பண்ணிட்டீங்க என்று கேட்டேன். அவர் கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு அந்தப் பய ஏறப் போனான் சார். அவனுக்குச் சொன்னேன். மண்டபத்துல யாரு ஏறப் போறா?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பேசினார்.

"அவன் பொண்டாட்டிக்கே நான் இன்னும் சொல்லல. வீட்டுக்குப் போவேன், வருவேன். பொங்கலுக்குப் பிள்ளையளுக்குத் துணி எடுத்துக் குடுப்பேன். இன்னொரு செட்ட வாங்கிட்டு வருவோமான்னு அவன் கேட்டான்கிறது அவளுக்குத் தெரியாது. அவளுக்குச் சொல்லாதத மைக்குல சொல்லவா?"

அந்த டீயை நான் குடிக்கவில்லை. அவர் முப்பத்தைந்து வருஷமாக ஒரு ஆளிடமும் சொல்லாமல் வைத்திருந்ததை, ஒரு பையனின் உயிருக்காக ஒரு நாள் வெளியே எடுத்திருக்கிறார். நான் அதை வாங்கி, தலைப்புப் போட்டு, அவர் முகத்தையும் ஒட்டி ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறேன். அந்தக் கூட்டாளியின் மகன் லைன் வேலைக்கே வந்திருந்தால்? ஏதோ ஒரு சைட்டில் உட்கார்ந்து அந்த ஸ்லைடைப் பார்த்திருந்தால்? அன்று இரவே ஸ்லைடை எடுக்கச் சொல்லி எழுதினேன். கேள்வி கேட்டார்கள், ஆனால் எடுத்துவிட்டார்கள்.

எடுக்கச் சொல்லி எழுதும்போது என் படிவத்தை மறுபடி வாசித்தேன். அப்போதுதான் அது உறைத்தது. அண்ணாச்சி என்ன சொன்னார்? "எங்ககிட்ட அர்த் செட்டு ஒண்ணுதாம் இருந்திச்சு." ஜம்பரைக் கழற்றுகிற வேலைக்கு அனுப்பும்போது ஒரே ஒரு செட் கொடுத்து அனுப்பியவர் யார்? அவருடைய கதையிலேயே அது இருந்தது. குற்றவுணர்ச்சியில் அவர் அதைத் தாண்டிப் போய்விட்டார், கட்டத்தை நிரப்புகிற அவசரத்தில் நானும் தாண்டிவிட்டேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து எங்கள் சைட்டில் நிலைமை என்ன? இரண்டு கேங்குக்கு ஒரு ஜீப். இரண்டாவது செட் நானூறு மீட்டர் தள்ளிச் சேற்றுக்கு அந்தப் பக்கம். அலட்சியம் என்று நான் எழுதியது முழு உண்மை இல்லை. அந்த மாதமே ஒவ்வொரு கேங்குக்கும் இரண்டு செட் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். நாலு மாதம் விடாமல் கேட்டு வாங்கினேன்.

ஆனாலும் என் மனம் ஒரு இடத்தில் முரண்டு பிடித்தது. சொன்னவருடைய கதை சொன்னவருக்கே என்று விட்டுவிட்டால், அடுத்த சைட்டில் இன்னொரு பையன் ஏறுவானே? 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸ் விமான நிலையத்தை நோக்கி இறங்கிய டி.டபிள்யூ.ஏ. கம்பெனியின் 514 விமானம் வர்ஜீனியாவில் ஒரு மலையில் மோதியது. இருந்த 92 பேரும் இறந்தார்கள். ஆறு வாரம் முன்னால் வேறொரு கம்பெனியின் விமானம் அதே பாதையில், அதே குழப்பத்தில் சீக்கிரமே தாழ இறங்கி, அதே மலையில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருந்தது. அந்த விமானிகள் நடந்ததைத் தங்கள் கம்பெனியில் சொன்னார்கள். கம்பெனியும் தன் விமானிகளுக்குச் சொன்னது. மற்ற கம்பெனி விமானிகளுக்குச் சொல்ல அன்றைக்கு ஒரு வழியும் இல்லை. ஒரு கதை பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேராததால் 92 உயிர்.

அதற்குப் பிறகு 1976-இல் நாசாவின் பொறுப்பில் ஒரு ஏற்பாடு வந்தது. விமானி தான் செய்த தவறைத் தானே எழுதி அனுப்பலாம். தெரியாமல் செய்த தவறாக இருந்து, பத்து நாளுக்குள் எழுதிவிட்டால் தண்டனையிலிருந்து பாதுகாப்பு உண்டு. எனக்கு இதில் பிடித்தது ஒரு சின்ன விஷயம். பெயரும் விலாசமும் படிவத்தின் ஒரு துண்டில் இருக்கும். அந்தத் துண்டில் தேதி முத்திரை குத்தி எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். நடந்தது மட்டும் அங்கே தங்கும். மாதாமாதம் வரும் அவர்களுடைய இதழில் விமானிகள் சொன்னது பெரும்பாலும் அவர்கள் வார்த்தையிலேயே இருக்கும். இந்த இடத்தில் இப்படி நினைத்தேன், தப்பாக நினைத்துவிட்டேன் என்று. படிக்கிறவர் இன்னொரு விமானி, நாளைக்கு அதே இடத்தில் இறங்கப்போகிறவர்.

இதை அண்ணாச்சியிடம் சொன்னேன். விமானம் என்றதும் முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்துவிட்டு, "கரண்டு எப்படி வந்திச்சுன்னு எல்லாருக்கும் சொல்லுங்க. யாருக்கு வந்திச்சுன்னு சொல்லாதீங்க" என்றார்.

என் பங்குக்கு

எங்கள் சைட்டில் நியர் மிஸ் பெட்டி ஒன்று உண்டு. மயிரிழையில் தப்பியதையெல்லாம் எழுதிப் போட வேண்டும். மாதம் ஐந்து என்று கணக்கு. அதனால் மாதக் கடைசியில் ஐந்து சீட்டு வரும். கீழே ஆணி கிடந்தது, வயர் கிடந்தது, தண்ணீர் கிடந்தது. ஒரே கையெழுத்தில் வேறு வேறு பெயர். வருஷக்கணக்கில் அதைத் தொகுத்து நானும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

டீக்கடைப் பேச்சுக்கு இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் தாளைச் சட்டைப் பையில் மடித்து வைத்துவிட்டு நான் ஒன்று சொன்னேன். பழைய சைட் ஒன்றில் நல்ல வெயில் நாள். இறங்கி நடக்கச் சோம்பல்பட்டு ஜீப்பில் உட்கார்ந்தபடியே பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டேன். அங்கே பக்கம் பக்கமாக இரண்டு லைன் ஓடும். நான் கையெழுத்துப் போட்ட கம்ப நம்பர் ஒரு லைனில். ஆட்கள் ஏறப்போனது பக்கத்து லைனில். அதில் கரண்ட் இருந்தது. ஒருவர் மட்டும் பழக்கதோஷத்தில், கரண்ட் இருந்தால் சத்தம் போடும் டிடெக்டரைக் கம்பிப் பக்கம் நீட்டிப் பார்த்தார், அது கத்தியது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கம்பத்தை மாத்திப் பாத்துட்டோம் சார் என்று அவர்களே பழியை எடுத்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் ஒரு இடத்தில் உடைந்தது. ஆனால் அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்கு வந்த நாளிலிருந்து அன்றுதான் அது நடந்தது.

மறுநாள் சாயங்காலம் அந்தப் பையன் வந்தான், ஜீப்புக்கு நடந்தவன். "சார், பெட்டியில எழுதிப் போடலாமா, இல்ல உங்ககிட்ட சொன்னாப் போதுமா?" என்றான். போன வாரம் மேலே நின்று வேலை பார்த்துவிட்டு இறங்கிய பிறகுதான் பெல்ட் கொக்கி பூட்டாமல் வெறுமனே மாட்டியிருந்ததைக் கவனித்திருக்கிறான். அரை மணி நேரம் அதில் சாய்ந்து நின்றிருக்கிறான். நான் பேனாவை எடுத்தேன். அவன் பார்வை பேனாவுக்குப் போனது. மூடிப் பையில் வைத்துவிட்டு, உட்காரு என்றேன். அந்தக் கொக்கியை வாங்கிப் பார்த்தால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அன்று இரவே எல்லா பெல்ட்டையும் சோதித்தோம். மூன்று தேறவில்லை. அதன்பிறகு அந்தப் பெட்டிக்கு மாதம் ஐந்து வந்ததில்லை. சில மாதம் ஒன்று, சில மாதம் ஒன்பது. எண்ணிக்கை ஏன் சரியாக வரவில்லை என்று ஹெட் ஆபீசில் கேட்டார்கள்.

வீட்டிலும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். மகள் கணக்கில் முப்பத்தொன்று வாங்கிவந்த அன்று, நான் டிப்ளமாவில் அரியர் வைத்ததையும் அதை அப்பாவிடம் ஏழு மாதம் மறைத்ததையும் சொன்னேன். அவள் கேட்ட முதல் கேள்வி, "தாத்தாவுக்குத் தெரிஞ்சப்போ உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்பது. அன்றிரவு நாங்கள் கணக்கைப் பற்றிப் பேசவே இல்லை.

அண்ணாச்சி போன வருஷம் வேலையிலிருந்து நின்றுவிட்டார். ஊரில் இருக்கிறார். அவர் அனுமதி இல்லாமல் இதை எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். ஊரையும் ஆளையும் காட்டுகிற விவரங்களை இப்போதும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். இந்த ஐப்பசியில் ஒரு ராத்திரி அவரிடமிருந்து போன் வந்தது.

"சொல்லிட்டேன் சார்."

என்ன, யாரிடம் என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவர் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என்ன சொன்னாங்க என்று கேட்டேன்.

"ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், அன்னைக்கு அவரு சாப்பிட்டுட்டுத்தான் ஏறினாரான்னு கேட்டா. சாப்பிட்டாம்மா, ரெண்டு பேரும் ஒரே தூக்குவாளியிலதாம் சாப்பிட்டோம்னேன். நீ குடுத்துவிட்ட புளிச்சோறுதாம்னேன்."